பிஞ்சோடு பறித்த பூ

அத்தியாயம் 11

போன வாரம் சுப்பிரமணியைப் பட்டினியாகப் படுக்கப் போட்டுவிட்டேன் என்று என்னைத் திட்டாதவர் இல்லை. நான் என்ன செய்வேன்? அந்த மனுஷர் சுபாவம் அப்படி. துக்கம் வந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது, சந்தோஷம் வந்தாலும் இறங்காது. வந்தது எது என்று வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்.

அன்றைக்கு வந்தது இரண்டும் சேர்ந்து. கும்மிடிப்பூண்டி கன்னியம்மன் நகரில் அவர் தெருக் கடைசியில் வாடகைக்கு இருக்கும் அன்புசெல்வன், உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவன், அவரை டீக்கடைப் பக்கம் தனியாக அழைத்துப் போனான். "உங்க மருமகளக் கட்டிக்கணும்னு ஆசைப்படறேன் சார்" என்று கேட்டேவிட்டான்.

மகன் விமல் ஹைவேயில் லாரி மோதிப் போய் மூன்று வருஷம் ஆகிறது. மருமகள் பூமிகாவுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. நல்லவனாக ஒருத்தன் வந்து கேட்க மாட்டானா என்று சாமி படத்துக்கு முன்னால் நின்றதும் சுப்பிரமணிதான். அவன் கேட்டதும் ஊமையாகி வீட்டைப் பார்த்து நடந்ததும் அவர்தான். மனைவி ஜோதிலட்சுமியிடம் கூட மூச்சு விடவில்லை. ஒரு வாரமாகத் தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவே மார்கழி பிறந்துவிட்டது.

விமல் போன பிறகு அந்த வாசலில் மார்கழிக் கோலமே கிடையாது. இந்த வருஷம் பூமிகாதான் மாவு டப்பாவை எடுத்து மாமியார் கையில் கொடுத்தாள். "போடுங்க அத்தை. வாசல் வெறிச்சுனு கீது." அதனால் சின்னதாக ஒரு கோலம். பூவெல்லாம் கிடையாது. இன்றைக்கும் ஜோதிலட்சுமி விடியும் முன் எழுந்து, சாணி தெளித்து, கோலத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பூமிகா பக்கெட்டும் கையுமாகக் கேட்டைத் திறந்தாள். கம்பெனி பஸ் வருவதற்குள் தோட்டத்துக்குப் போய் வருவது அவள் வழக்கம்.

தோட்டம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மனை பிரித்து விற்றவர்கள் பூங்காவுக்கு என்று விட்ட இடம். பல வருஷம் அதில் குப்பைதான் விளைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விமல் மண்வெட்டியோடு இறங்கி முதல் பாத்தியைக் கட்டினான். பிறகு தெருவே வந்து வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக்கொண்டது. சுற்றிலும் உருக்காலைகள் என்பதால் இலை மேல் ராத்திரியெல்லாம் கரித்தூள் படியும். காலையில் இலைகளைக் கழுவிவிட்டால்தான் செடி பிழைக்கும். கீரை, கத்தரி, வெண்டை, அன்புசெல்வன் பாத்தியில் தக்காளி என்று எல்லோரும் ஏதேதோ போட்டிருந்தார்கள். பூமிகா போட்டது பூசணி.

அவள் ஆர்.கே.பேட்டை விவசாயக் குடும்பத்துப் பெண். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு இருக்கும். விடிந்ததும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிவிட்டால்தான் அந்தப் பிஞ்சு காயாகும், இல்லாவிட்டால் வெம்பி உதிர்ந்துவிடும். அவள் கொடியில் முதல் பெண் பூ இன்றைக்குத்தான் விரிய வேண்டும். அடையாளத்துக்குக் காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தாள். ஆசையாக அதைப் பார்க்கத்தான் கிளம்பினாள்.

கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

கோலத்தின் நடுவில் ஒரு சாணி உருண்டை. கிரிக்கெட் பந்து அளவுக்கு, கோணல்மாணலாக. அதன் தலையில் மஞ்சள் மசேல் என்று ஒரு பூசணிப்பூ.

மார்கழிக் கோலத்தில் பூசணிப்பூ வைத்தால் அதற்கு ஒரு அர்த்தம் சொல்வார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். இந்த வீட்டில் கல்யாணத்துக்கு ஆள் இருக்கிறது, தை பிறந்ததும் பேச வரலாம் என்று. இப்போது அழகுக்கு வைக்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் சுப்பிரமணி வீட்டு வாசலில்? அங்கே கல்யாண வயசில் யார் இருக்கிறார்கள்?

எதிர்வீட்டுத் திலகவதிக்கும் அதே கேள்விதான். துடைப்பத்தோடு நின்றபடி தெருவுக்கே கேட்க விசாரித்தாள்.

"இன்னா ஜோதிக்கா! பூசணிப்பூலாம் வச்சினுகீற? யாருக்கு? ஒரு வார்த்த சொல்லவேல்ல?"

சத்தம் கேட்டு ஜோதிலட்சுமி கரண்டியோடு வெளியே வந்தாள். பூவைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அந்த முகத்தைப் பார்த்ததும் பூமிகாவுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பக்கெட்டை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நாஷ்டா துன்னுட்டுப் போ பூமி."

"வேணாம் அத்தை. பஸ் வந்துரும்."

பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

பூமிகாவுக்கு பெயிண்ட் கம்பெனி லேப்பில் வேலை. வந்த நிறம் கேட்ட நிறம்தானா என்று தகட்டில் பூசிப் பார்க்க வேண்டும். அன்றைக்கு அவள் பூசிய தகடு எல்லாம் அவளுக்கு ஒரே மஞ்சளாகத் தெரிந்தது.

'என்னை அனுப்பிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க.'

இதுதான் மனசில் ஓடியது. விமல் காரியம் முடிந்த அன்றைக்கு ஆர்.கே.பேட்டையிலிருந்து அவள் அண்ணன் காரோடு வந்து நின்றான். பெட்டியைக்கூட எடுத்து வைத்தாயிற்று. அப்போது ஜோதிலட்சுமி வாசலை மறித்துக்கொண்டு, "எம்பொண்ண எங்க இஸ்துனு போற?" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பூமிகா இத்தனை நாள் எழுந்து, குளித்து, வேலைக்குப் போய் வந்தாள். அதே கை இன்றைக்கு வாசலில் பூ வைத்திருக்கிறது. கூட்டிப் போக யாராவது வாருங்கள் என்று தெருவுக்கே சொல்லியிருக்கிறது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே மூடினாள். மாமனார் வியாதி அவளுக்கும் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது.

இந்தப் பக்கம் வீட்டில் ஜோதிலட்சுமி என்ன நினைத்தாள் தெரியுமா? பூவை வைத்தது பூமிகாதான் என்று நினைத்தாள்!

'பாவம் கொழந்த. தனக்கு ஒரு வாழ்க்கை வேணும்னு வாயால சொல்ல வெக்கப்பட்டுக்கினு பூவ வச்சிருக்கு. நான் வேற மொறச்சிப் பாத்துட்டேனே, மனசு இன்னா பாடுபட்டிருக்கும்?'

திலகவதி அசந்த நேரம் பார்த்துப் பூவை உருண்டையோடு எடுத்து வந்தாள். குப்பையில் போட மனசு வரவில்லை. அலசி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, சமையல்கட்டு ஜன்னலில் வைத்து மூடினாள். அப்புறம் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் பாதி, மிச்சப் பாதி எதில் என்று அவளுக்கே தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு பணியாரத்துக்கு அரிசி ஊறப் போட்டாள். பூமிகாவுக்கு இனிப்புப் பணியாரம் என்றால் உயிர்.

சுப்பிரமணி காலையில் வெளியே போனவர் மத்தியானம் வந்தார். எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் மோட்டார் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி ரிப்பேர் பார்க்க உட்கார்ந்தார்.

சாயந்திரம் பூமிகா பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேரே தோட்டத்துக்குப் போனாள். சிவப்பு நூல் கட்டிய காம்பைத் தேடினாள். நூல் இருந்தது. பூ இல்லை. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. பாத்தி ஓரம் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலேயே தூக்குவாளியோடு ஜோதிலட்சுமி வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தா, சூடா கீது. ரெண்டு துன்னு."

"எனக்கு வேணாம்."

"தப்பில்ல கண்ணு. உன் வயசுக்கு ஆசப்படறது ஒண்ணும் தப்பில்ல. அத்தைகிட்ட நேரா சொல்றதுக்கு இன்னா பயம்?"

பூமிகா நிமிர்ந்தாள். "நான் இன்னா சொல்லணும்? பூவ வச்சது நீங்க. என்னை எங்க அனுப்பப் போறீங்கன்னு நீங்கதான் சொல்லணும்."

"நானா? நான் எங்கடி வச்சேன்? நீதான வச்ச!"

"அத்தை! எனக்கு நானே வச்சிக்குவேனா?"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஜோதிலட்சுமி நெஞ்சில் கை வைத்தாள்.

"அடிப்பாவி! உன்ன அனுப்பிட்டு அந்த ஊட்ல நான் யாருகூட சண்ட போடறது? உங்க மாமாகூடவா? செவுத்துகூட சண்ட போட்டாலும் திருப்பி ரெண்டு வார்த்த கேக்கும், அந்தாளு வாயே தொறக்காது!"

பூமிகாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பணியாரம் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் கவலைப்படவில்லை.

"அப்ப யாரு அத்தை வச்சது?"

"அந்தத் திலகவதி வேலையா இருக்கும். பேஜாரு புடிச்சவ."

"அவங்க இதப் பறிக்க மாட்டாங்க அத்தை. இது பெண் பூ. நூல் கட்டியிருந்தேன், பாருங்க."

இரண்டு பேரும் எழுந்து வீட்டுக்கு நடந்தார்கள். ஜோதிலட்சுமி கிண்ணத்தை எடுத்து மூடியைத் திறந்தாள். பூ சுருங்கிப் போயிருந்தது. காலையில் சாணிக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பிஞ்சு இப்போது பச்சைப் பசேல் என்று தெரிந்தது.

"அய்யய்யோ! பிஞ்சோட பறிச்சிருக்காங்களே! அவசரத்துல அலசினேன், நான் கவனிக்கவே இல்ல."

கன்னியம்மன் நகரில் பாத்தி வைத்திருக்கிற எவரும் பெண் பூவில் கை வைக்க மாட்டார்கள். திலகவதி ஆண் பூக்களைக் கேட்டு வாங்கிப் போய் பஜ்ஜி போடுகிறவள், அவளுக்கும் தெரியும். தெருவில் ஒரே ஒரு ஆள்தான், விமல் போன பிறகு அந்தத் தோட்டத்தில் காலே வைக்காத ஆள். வாழ்நாள் முழுக்க இரும்போடு கிடந்து ஓய்வு பெற்றவர். பூசணியில் ஆண் எது பெண் எது என்று சத்தியமாகத் தெரியாதவர்.

மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். சுப்பிரமணி மோட்டாரைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்.

பூமிகா கிண்ணத்தோடு போய் அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"மாமா, காலைல தோட்டத்துக்குப் போனீங்களா?"

"நானா? ரவ தூரம் நடந்துட்டு வரலாம்னு..."

"பிஞ்சோட பறிச்சிட்டீங்களே மாமா."

அவர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாது, இதுலதான் காய் வருமா?"

"ஆமா மாமா. முதல் காய்."

மனுஷர் முகம் விழுந்துவிட்டது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எனக்கு இன்னாம்மா தெரியும்? இருக்கறதுலயே நல்ல பூவாப் பாத்துப் பறிச்சேன். இதுல நூல் வேற கட்டியிருந்துச்சு. நல்ல பூன்னுதான் நீ கட்டி வச்சிருப்பன்னு நெனச்சேன்."

"யோவ்!" என்று ஜோதிலட்சுமி ஒரு கத்து கத்தினாள். "பூவுக்கு நூல் கட்டுனது கெடக்கட்டும். நம்ம வாசல்ல எதுக்கு வச்ச? அந்த உருண்டையும் நீ புடிச்சதுதானா? நெனச்சேன், அது உருண்டையா, மாங்கொட்டையா!"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அன்புசெல்வன் கேட்டது, தான் பதில் சொல்லாமல் வந்தது, ஒரு வாரமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது.

"அந்தத் தம்பி நைட் ஷிப்ட் முடிச்சு காலைல நம்ம தெருவாலதான் போவும். பூவப் பாத்தா புரிஞ்சிக்கும்னு..."

"ஒரு வாரமா வயித்துலயே வச்சினுகீறியே, என்கிட்ட சொல்றதுக்கு இன்னா? அவன்கிட்ட 'சரி, வாப்பா'ன்னு வாயால சொல்றதுக்கு இன்னா?"

"வரல ஜோதி. நாலு தபா அவன் ஊட்டு வரைக்கும் போனேன். வாய் வரல."

பூமிகா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் சரி மாமா. என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

சுப்பிரமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் வேணாம்னு சொல்லிடுவேன்னு பயமா?"

"இல்லம்மா." ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். "சரின்னு சொல்லிடுவியோன்னு பயம்."

அப்புறம் அவரே பேசினார். அந்த மனுஷர் அவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசி ஜோதிலட்சுமியே கேட்டதில்லை.

"காலைல நீ பக்கெட்ட எடுத்துக்கினு கேட்டத் தொறப்பல்ல, அந்தச் சத்தம் கேட்டாதான் எனக்கு விடிஞ்ச மாதிரி. அவன் போயும் இந்த ஊடு ஊடா இருக்குதுன்னா அது உன்னாலதான். அதுக்காக உன்ன இங்கயே வச்சினுருந்தா, அது இன்னாம்மா பாசம்? அந்தத் தம்பி நல்ல தம்பி. அதான் பறிச்சேன். மனசே வரல, ஆனா பறிச்சிட்டேன்."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பூமிகா அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகன் செத்த அன்றைக்குக்கூட மூன்று பேரும் தனித்தனி மூலையில்தான் அழுதார்கள். இன்றைக்குத்தான் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுதார்கள். ஜோதிலட்சுமிதான் முதலில் தெளிந்தாள், எப்போதும் போல.

"சரி, இப்பக் கேக்கறேன். உனக்கு அவனப் புடிச்சிருக்கா பூமி?"

"தெரியல அத்தை."

"தெரியலியாம்! அவன் தக்காளிச் செடிக்குத் தண்ணிய ஊத்தி ஊத்தி அழுக வச்சான் பாரு, அன்னிக்கு நீ சிரிச்ச சிரிப்பு நம்ம சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. அவன் மேஸ்திரி மேஸ்திரின்னு உன்னக் கூப்புடறதும் நீ அவன அதட்டறதும் எனக்குத் தெரியாதா?"

பூமிகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆமாம், அவளுக்குப் பிடிக்கும். தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட இத்தனை நாள் பயந்திருந்தாள். வாசல் பக்கம் பைக் சத்தம் கேட்டது. அன்புசெல்வன் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான். அவள் எழுந்து விடுவிடு என்று வாசலுக்குப் போனாள்.

"நில்லுங்க!"

அவன் சட்டென்று பிரேக் போட்டான். ஹெல்மெட்டைக் கழற்றினான். "இன்னா மேஸ்திரி? இன்னிக்கு நான் தண்ணியே ஊத்தல, சத்தியமா."

"காலைல இங்க பூ இருந்துச்சே, பாத்தீங்களா?"

விளையாட்டு அவன் முகத்தைவிட்டுப் போய்விட்டது. "பாத்தேன்."

"அப்பால?"

"வண்டிய நிறுத்தினேன். எதிர்வீட்டக்கா தொடப்பத்தோட மொறச்சாங்க. பயந்து போய்ட்டேன்."

பூமிகாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். "நீங்க எங்க மாமாகிட்ட கேட்டீங்க. எங்க மாமா உங்களுக்குப் பூ வச்சாரு. நடுவுல நான் ஒருத்தி கீறேன், ஞாபகம் இருக்கா?"

"தப்புதான். பெரியவங்ககிட்ட மொதல்ல கேக்கறதுதான் மரியாதைன்னு நெனச்சேன்."

"ஞாயித்துக்கிழம மதியானம் சாப்பிட வாங்க. பூவப் பாத்துட்டு வர வேணாம். நான் கூப்புடறேன், அதுக்காக வாங்க."

அன்புசெல்வன் ஹெல்மெட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தான்.

"வரேன். எம்பொண்ணையும் இட்டாரலாமா?"

"பொண்ணா?"

"கெங்கா. நாலு வயசு. எளாவூர்ல எங்கம்மாகிட்ட கீறா. லீவு நாள்ல அதான் அங்க ஓடறேன்." அவன் குரல் இறங்கியது. "சார்கிட்ட அன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவரு உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

பூமிகா திரும்பிப் பார்த்தாள். சுப்பிரமணி வாசல் வரைக்கும் வந்திருந்தார். மருமகள் திரும்பியதும் மீட்டர் பெட்டியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் ஜோதிலட்சுமி வாயைப் பிளந்தபடி நின்றிருந்தாள்.

பூமிகாவின் தொண்டைக்கு இரண்டு கேள்விகள் சேர்ந்து வந்தன. அந்தக் குழந்தையின் அம்மா எங்கே என்பது ஒன்று. அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் தெருவில் நிற்க வைத்துக் கேட்கிற கேள்வி இல்லை அது.

"காரம் சாப்பிடுவாளா?" என்று கேட்டாள்.